வேலைக்காரி பாட்டும் பெட்டிக்காரம்மாவும்

என் சித்தியைப் பற்றி யாராவது "பாவம், வாயில்லாப் பூச்சி" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். கொட்டகையின் டிக்கெட் கவுண்டரில் உட்காருகிறவள் நான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருப்பவளுக்குக் காது கிடையாது என்று ஜனங்களுக்கு ஒரு நினைப்பு. வரிசையில் நின்றபடி என் குடும்பத்தையே பிரித்து மேய்வார்கள். சித்தி பூச்சியும் இல்லை, பாவமும் இல்லை. நான் பார்த்த மனிதர்களில் அவளைப் போல ஒரு கோபக்காரி கிடையாது. கோபத்தை வாய் வழியாக விடாதவர்களுக்குக் கோபமே வராது என்று நினைக்கிற முட்டாள்களுக்காகத்தான் இதைச் சொல்லுகிறேன்.

எங்களுடையது ஒரு சின்ன ஆபரா கம்பெனி. ஆபரா என்றதும் சரவிளக்கு, வெல்வெட் நாற்காலி, நூறு வாத்தியக்காரர்கள் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு ஒத்திகை அறை, தெருக்கோடியில் மழைக்கு ஒழுகும் ஒரு கொட்டகை, வாத்தியம் என்றால் பியானோ மட்டும்தான், அங்கே ஒன்று, இங்கே ஒன்று. நாங்கள் போடுவதும் சிரிப்பு ஆபரா மட்டும்தான். அதாவது ஆட்கள் பேசுவதற்குப் பதிலாகப் பாடியே சண்டை போட்டுக்கொண்டு, பாடியே சமாதானமாகிற நாடகம். மேடைக்குக் கீழே இருந்த பள்ளத்தில் உட்கார்ந்து பியானோ வாசித்தவள் சித்தி. கம்பெனியில் பியானோவுக்குப் பெட்டி என்று பேர், அதனால் எல்லோருக்கும் அவள் பெட்டிக்காரம்மா. மேடை நடுவில் நின்று பாடியவள் அவளுடைய அக்கா, என் அம்மா.

அம்மா என்றாலே ஊருக்கு வேலைக்காரி பாட்டுதான். கதை இதுதான்: ஒரு கஞ்ச முதலாளி, அவர் வீட்டில் ஒரு வேலைக்காரி. இரண்டாவது அங்கத்தில் முதலாளி அவளிடம், "என்னைக் கட்டிக்கொள், உன் சம்பளமாவது மிச்சமாகும்" என்று பாடுவார். உடனே அவள் சமையலுக்குக் கட்டும் மேலங்கியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு ஆரம்பிப்பாள். உன் செருப்பைத் துடைத்தேன், உன் கோப்பையைத் துடைத்தேன், உன் பொய்யை யார் துடைப்பது என்று மூச்சுவிடாமல் போகும் பாட்டு. கடைசியில் உச்சியில் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டாள். முதலாளி காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் தவழ்ந்து போவார். கொட்டகை அதிரும். அந்த ஒரு சுரத்துக்காகவே வருகிறவர்கள் உண்டு. அது முடிந்ததும் எழுந்து போய்விடுகிறவர்களும் உண்டு.

அந்தக் கைதட்டலில் கடுகளவுகூடப் பள்ளத்துக்கு இறங்கியதில்லை. அம்மா தலைகுனிந்து வணங்குவாள், முதலாளி வேஷக்காரரைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து வருவாள், மேஜையைக்கூடத் தட்டிக் கொடுப்பாள். சித்தி பக்கம் திரும்ப மாட்டாள். வீட்டிலும் அதே கதைதான். சித்திக்கு எங்கள் வீட்டின் பின்னறை. அம்மாவின் தொண்டைக்கு வெந்நீர் வைப்பது சித்தி, அம்மா எழுந்திருக்கும் வரை யாரும் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வது சித்தி. "என் குரல்தான் இந்த வீட்ல ரெண்டு பேருக்குச் சோறு போடுது" என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். எதிரே சித்தி ரொட்டி வெட்டிக்கொண்டிருப்பாள். கத்தி கொஞ்சம் வேகமாக இறங்கும், அவ்வளவுதான்.

நான் கவுண்டர் திறக்கக் காலையிலேயே கொட்டகைக்குப் போய்விடுவேன். சித்தி எனக்கு முன்னால் வந்திருப்பாள். காலி நாற்காலிகளுக்கு முன்னால் அவள் தனக்காக வாசித்துக்கொள்ளும் நேரம் அது. ஒரு நாள் அவள் வாசித்ததைக் கேட்டு, கையில் இருந்த சாவியோடு அப்படியே நின்றுவிட்டேன். வேலைக்காரி பாட்டுதான். ஆனால் பாட ஆள் இல்லை. இரண்டு கைக்குள் முழு நாடகத்தையும் அடைத்து வைத்திருந்தாள். வலது கை வேலைக்காரி, இடது கை முதலாளி. இடது கை வாயைத் திறக்கும்போதெல்லாம் வலது கை குறுக்கே விழுந்து அதை மூடும். பியானோவில் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்த முடியாது, அடித்த நொடியே தேய ஆரம்பித்துவிடும். அதனால் அந்த உச்சி சுரம் வந்ததும் பக்கத்துப் பக்கத்துக் கட்டை இரண்டையும் மாற்றி மாற்றி அடித்து அதை உயிரோடு வைத்திருந்தாள், இடது கை பெட்டியின் அடிவரைக்கும் தவழ்ந்து ஒளிந்துகொள்ளும் வரைக்கும்.

இன்னொன்றையும் கவனித்தேன். அவள் எங்கேயும் நிற்கவில்லை. அம்மா பாடும்போது சித்தி நான்கு இடங்களிலாவது காத்திருப்பாள். அம்மா மூச்சை இழுத்து முடிக்கும்வரை விரல்கள் கட்டைக்கு மேலே அந்தரத்தில் நிற்கும். இதில் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. கேட்கக் கேட்க எனக்கு உடம்பு சூடேறியது. இவ்வளவு கோபத்தையும் உள்ளே வைத்துக்கொண்டா இந்தப் பெண் எங்கள் வீட்டில் வெந்நீர் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றியது.

நான் கேட்டதை மேனேஜரும் கேட்டுவிட்டார். மேனேஜர் என்றால் விளக்குப் போடுவது, கூரை ஒழுகலுக்கு வாளி வைப்பது, போஸ்டர் ஒட்டுவது எல்லாம் அவர்தான். ஏணியில் நின்றபடியே சொன்னார்.

"பெட்டிக்காரம்மா, கம்பெனி ஆண்டு விழா அன்னிக்கு இதை வாசிச்சிடுங்க. திரை தூக்கறதுக்கு முன்னாடி, நீங்க மட்டும் தனியா. போஸ்டர்ல உங்க பேரைப் பெரிசாப் போட்டுடறேன்."

"வேண்டாம் தம்பி" என்றாள் சித்தி. பெட்டியை மூடினாள்.

வாழ்க்கையில் முதன்முதலாக ஒருவர் அவள் பெயரைச் சுவரில் ஒட்டுகிறேன் என்கிறார், இவள் வேண்டாம் என்கிறாள். படியில் வழிமறித்துக் கேட்டேன்.

"உனக்குச் சூடு சொரணையே கிடையாதா சித்தி?"

"இருக்கு. வழிய விடு."

"அம்மாகிட்ட அவ்வளவு பயமா?"

"இந்தப் பாட்டை நான் வாசிச்சா உங்கம்மாவால அதுக்கப்புறம் பாட முடியாது. அவ்வளவுதான், கேக்காத" என்றாள்.

அதை நான் பொறாமைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். சித்தி தன்னைப் பற்றி அவ்வளவு உயர்வாக நினைத்துக்கொண்டிருக்கிறாளே என்று உள்ளுக்குள் சந்தோஷம்கூடப் பட்டேன். மேனேஜரிடம் போய், "நீங்க போஸ்டரை அடிங்க, நான் பார்த்துக்கறேன்" என்றேன். வேலையற்ற வேலை. அவரும் அடித்துவிட்டார்.

போஸ்டரைப் பார்த்த அன்றே அம்மா ஒத்திகை அறைக்குப் படியேறி வந்தாள். கீழே சைக்கிள் கடையில் காற்றடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அறையில் சித்தி, மேனேஜர், முதலாளி வேஷக்காரர், நான். அம்மா யாரையும் பார்க்காமல் பியானோவைப் பார்த்துப் பேசினாள்.

"என் பாட்டுக்கு அவ பேரா?"

"பாட்டு உங்களுதுதாம்மா, இவங்க அதைப் பெட்டிக்கு மாத்தி..." என்று மேனேஜர் இழுத்தார்.

"வாய் இல்லாம அதுல என்ன இருக்கு? வாசிடி. நான் கூடவே பாடறேன். எது பாட்டு, எது பக்கவாத்தியம்னு எல்லாரும் பார்க்கட்டும்."

"வேண்டாம்க்கா" என்றாள் சித்தி. கைகளை மடியில் வைத்திருந்தாள்.

"நான் சொல்லி நீ வாசிக்காம இருந்திருக்கியா இதுவரைக்கும்? வாசி."

சித்தியின் கழுத்து சிவந்ததை நான் பார்த்தேன். காதுவரைக்கும் ஏறியது. கையைத் தூக்கினாள். காலிக் கொட்டகையில் நான் கேட்ட அதே வேகம், அதே இடம்.

அம்மா முதல் வரியைப் பிடித்தாள். புருவம் மேலே போனது. இரண்டாவது வரியில் தோள் மேலே போனது. மூன்றாவதில் மூச்சுக்கு நிற்கப் பார்த்தாள், பியானோ நிற்கவில்லை. கழுத்து நரம்பெல்லாம் புடைக்கத் துரத்திக்கொண்டு போனாள். உச்சிக்கு வந்தபோது அவள் வாய் நன்றாகத் திறந்திருந்தது. வெறும் காற்றுதான் வந்தது. சித்தி அதற்கும் நிற்கவில்லை. அந்தச் சுரத்தை இரண்டு கட்டையில் அடித்து அடித்து முடித்துவிட்டுத்தான் கையை எடுத்தாள். கீழே காற்றடிக்கும் சத்தம்கூட நின்றுபோயிருந்தது.

"ஏன்டி ஏத்தி வாசிச்ச? எல்லார் முன்னாடியும் என்னை அசிங்கப்படுத்தணும்னா?"

"ஏத்தலக்கா."

"எனக்குக் காது இல்லையா?"

"இதுதான் எழுதின கட்டை. நீ முதல் நாள் பாடின கட்டை. இப்ப நீ பாடிட்டிருக்கறது நான் இறக்கினது."

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பாடுகிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டால், பெட்டி வாசிக்கிறவர் யாரிடமும் சொல்லாமல் பாட்டை அரைக் கட்டை இறக்கி வாசிப்பார். பியானோவில் பக்கத்துக் கட்டைக்கு நகர்ந்து ஆரம்பிப்பது, அவ்வளவுதான். உச்சி கொஞ்சம் கிட்ட வரும், பாடுகிறவர் தப்பித்துக்கொள்வார். தொழிலில் இது ஒரு வழக்கம். ஆனால் அன்றைக்கு மட்டும்தான். மறுநாள் பழைய இடத்துக்கே ஏற்றிவிட வேண்டும். அம்மா நீண்ட காய்ச்சலில் படுத்து எழுந்து வந்த வருஷம் சித்தி அரைக் கட்டை இறக்கினாள். ஏற்றவில்லை. சில வருஷம் கழித்து இன்னொரு அரை. பிறகு இன்னொரு அரை. அம்மா நோட்டுப் பார்த்துப் பாடுகிறவள் அல்ல, பெட்டி எங்கே கூப்பிடுகிறதோ அங்கே போய் நிற்கிறவள். குரல் போன தூரத்துக்கெல்லாம் தரையும் கூடவே இறங்கி வந்ததால், தான் இறங்கியதே அவளுக்குத் தெரியவில்லை.

முதலாளி வேஷக்காரர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை பேருக்குத் தெரியுமோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"யாரைக் கேட்டு இறக்கின?" என்றாள் அம்மா. எட்டுக் கட்டையில் கத்துகிறவள், அன்றைக்குத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"யாரையும் கேக்கல."

"என் தொண்டை. என்னைக் கேட்டியா?"

"கேட்டிருந்தா அன்னிக்கே பாட்டை விட்டிருப்ப."

"விட்டிருப்பேன். அது என் இஷ்டம். உச்சியில இருக்கும்போதே இறங்கிப் போயிருப்பேன். இத்தனை வருஷமா எல்லாரும் என்னைப் பார்த்துப் பாவம்னு தட்டினாங்களா, நல்லாருக்குன்னு தட்டினாங்களா? எனக்கு இப்ப எப்படித் தெரியும்?"

சித்தி அதை விட்டுவிட்டு வேறொன்று சொன்னாள். "நீ விட்டிருந்தா நானும் வீட்ல உக்காந்திருக்கணும். பெட்டிக்காரிய யாரு தனியாக் கூப்பிடறா?"

"அப்ப உனக்காகத்தான் பண்ணியிருக்க."

"ரெண்டு பேருக்கும்தான்."

நான் சித்தி கட்சி. சின்ன வயதிலிருந்தே சித்தி கட்சி. ஆனால் அன்றைக்கு அந்த அறையில் அம்மா பக்கம் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அம்மாவை முழுசாக வெறுக்கவும் விடாமல், சித்தியை முழுசாகக் கொண்டாடவும் விடாமல் இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பாடாய்ப்படுத்தினார்கள். போஸ்டரை அடிக்கச் சொன்ன என் நாக்கை அறுக்கலாமா என்றும் இருந்தது. அம்மா வாசலில் நின்று திரும்பினாள்.

"விழா அன்னிக்கு நீ வாசி. எனக்கும் அதே கட்டையில வாசி. ஒரு இம்மி இறங்கக் கூடாது."

"உன்னால முடியாதுக்கா."

"முடியாதுன்னா முடியாமப் போகட்டும். நீ யாரு நடுவுல?"

ஆண்டு விழா மதியக் காட்சி. கொட்டகை நிரம்பி வழிந்தது. நான் கவுண்டரின் மரக்கதவை இழுத்து மூடிவிட்டுப் பின்வரிசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மேனேஜர் பள்ளத்தின் மேல் ஒரு விளக்கைப் போட்டார். சித்தி எப்போதும் போடுகிற கறுப்பு உடுப்புதான், காலர் மட்டும் இஸ்திரி போட்டிருந்தது. வாசித்தாள். ஒரு வார்த்தைகூட இல்லாத பாட்டுக்கு ஜனங்கள் வரிக்கு வரி சிரித்தார்கள். முதலாளி வாயைத் திறப்பதும் வேலைக்காரி அதை மூடுவதும் அவர்களுக்கு அப்படியே புரிந்தது. உச்சி சுரத்தில் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் கைதட்டல் பள்ளத்துக்குள் கொட்டியது. சித்திக்கு எப்படி வணங்குவது என்றே தெரியவில்லை. எழுந்தாள், முக்காலியைச் சரியாக நகர்த்தினாள், மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. இவ்வளவு நாள் இதை அவளுக்குக் கொடுக்காமல் இருந்தோமே என்ற ஆத்திரம்.

பிறகு நாடகம். இரண்டாவது அங்கம். முதலாளி கல்யாணம் கேட்டார். அம்மா மேலங்கியை அவிழ்த்தாள். சித்தி ஆரம்பச் சுரங்களை அடித்தாள்.

இறக்கி அடித்தாள். எனக்கே தெரிந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன் கேட்ட இடம் இன்னும் காதில் இருந்தது. வேண்டுமென்று செய்யவில்லை என்று சித்தி பிறகு சத்தியம் செய்தாள், நானும் நம்புகிறேன். அம்மா மேலங்கியை அவிழ்த்தால் அந்தக் கைகள் போகும் இடம் அதுதான். பழகிப்போன மாடு போல அவை தாமாகவே போய் அங்கே நின்றுவிட்டன.

அம்மா நான்கு வார்த்தை பாடினாள். நிறுத்தினாள். மேலங்கியைக் கையில் பிடித்தபடி மேடை விளிம்புக்கு வந்தாள். குனிந்து பள்ளத்துக்குள் சித்தியின் முகத்தைப் பார்த்தாள்.

"மேல வாசி" என்றாள்.

கொட்டகை கொல்லென்று சிரித்தது. நாடகத்தில் புதிதாகச் சேர்த்த ஹாஸ்யம் என்று நினைத்துக்கொண்டார்கள். சித்தி சிரிக்கவில்லை. அவள் உதடு இறுகியது எனக்குப் பின்வரிசையிலிருந்து தெரிந்தது. கையைத் தூக்கி எழுதின கட்டையில் அடித்தாள். பெட்டியின் மூடி அதிர்ந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாட்டு என்று சொல்ல முடியாது. சித்தி எங்கேயும் காத்திருக்கவில்லை. அம்மா காத்திருக்கச் சொல்லவும் இல்லை. பாதி வார்த்தையை விழுங்கினாள், பாதியைக் கடித்துத் துப்பினாள், மூச்சு முட்ட முட்ட ஓடினாள். உன் பொய்யை யார் துடைப்பது என்ற வரி வந்ததும் முதலாளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பள்ளத்தைப் பார்த்துப் பாடினாள். பதிலுக்குச் சித்தியின் இடது கை முதலாளிக்காக உறுமியது. பாவம், முதலாளி வேஷக்காரர் எந்த இடத்தில் காதைப் பொத்துவது என்று தெரியாமல் சீக்கிரமே பொத்திக்கொண்டு நின்றார். எத்தனையோ தடவை கேட்ட பாட்டு எனக்கு. ஒரு வேலைக்காரி நிஜமாகவே கோபப்படுகிறாள் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

உச்சி வந்தது. அம்மா அதைத் தொட்டாள். கண் இமைக்கும் நேரம் நின்றாள். உடைந்தது. அந்த மாதிரி நேரத்தில் பெட்டி வாசிக்கிறவர்கள் கால்மிதியை அழுத்திச் சத்தத்தால் மூடிவிடுவார்கள். சித்தி இரண்டு கையையும் எடுத்துவிட்டாள். உடைந்த குரல் மூடுவாரில்லாமல் கடைசி வரிசை வரைக்கும் வந்து எங்கள்மேல் விழுந்தது. அம்மா மறுபடியும் ஏறினாள், மறுபடியும் உடைந்தது. கடைசி வரியைப் பாடாமல் பேசியே முடித்துவிட்டு மேலங்கியை முதலாளி முகத்தில் விட்டெறிந்தாள். சில பேர் எழுந்து நின்று தட்டினார்கள். சில பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் பக்கத்தில் நின்றவர், "குரல் போச்சு" என்றார். அவர் கழுத்தைத் திருகிவிடலாம் போல இருந்தது.

ஒப்பனை அறையில் அம்மா முகத்தில் பாதிச் சாயத்தைத் துடைத்திருந்தாள். நான் கதவோரம் நின்றேன். சித்தி உள்ளே வந்ததும் அம்மா கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எனக்குத் தெரியாம இன்னும் என்னென்ன பண்ணியிருக்க?"

"பெரிய கம்பெனி ஒண்ணு கூப்பிட்டுது. ஒத்திகை முழுக்க நடத்தற வேலை. போகல."

"என்னாலதான் போகலைன்னு மட்டும் சொல்லாத. எனக்குக் கோபம் வரும்."

"வரட்டும்" என்றாள் சித்தி. "எனக்கு இத்தனை வருஷமா வந்துட்டுதான் இருக்கு."

அம்மா துணியைக் கீழே வைத்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் தனக்குத்தானே கேட்டுக்கொள்வது போலக் கேட்டாள்.

"ஒரு தடவை இல்ல ரெண்டு தடவை இல்ல. எனக்கு எப்படிடி தெரியாமப் போச்சு?"

"நீ பாடும்போது என்னைத் திரும்பிப் பார்த்ததே இல்லையேக்கா. பார்த்திருந்தா என் மூஞ்சிலயே தெரிஞ்சிருக்கும். இன்னிக்குத்தான் முதல் தடவையாக் குனிஞ்சு பார்த்த."

பாதி வேலைக்காரியும் பாதி என் அம்மாவுமாக இருந்த அந்த முகத்தைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள். சித்தி தன் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டிவிட்டு, தெருப்பக்கக் கதவைத் திறந்துகொண்டு போனாள். அம்மாவின் தொண்டைக்கு வைத்திருந்த வெந்நீர் மேஜைமேல் ஆறிக்கொண்டிருந்தது. அதை நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.